வெயில் நன்கொடை, பற்றரி அமானிதம்

அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் வல்ல நாயன் அல்லாஹ்வைப் புகழ்ந்தும், அவனது திருத்தூதர் முஹம்மத் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீது ஸலவாத்தும் ஸலாமும் சொல்லியும் ஆரம்பம் செய்கின்றேன்.

அன்பிற்குரிய வாசக நேயர்களே! மின்சார சபையின் கம்பி எட்டாத இடத்தில் சூரிய ஒளியைக் கொண்டு வாழ்வது எப்படி, அவ்வாறு வாழ்வோர் மீது என்னென்ன பொறுப்புக்கள் சாரும் என்பதையிட்டு உங்களோடு சில விடயங்களைப் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

வாகரைப் பிரதேசத்தை நீங்கள் அறிவீர்கள். ஒரு புறம் கடல், மறு புறம் களப்பு, அதற்கப்பால் காடு. மாங்கேணி, பனிச்சங்கேணி, வாகரை, கதிரவெளி என நீளும் இக்கரையோர மக்கள் 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலையின் அழிவைக் கண்டார்கள். 2006ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 2007 ஜனவரியிலும் யுத்தத்தினால் ஊரையே விட்டுப் பெயர்ந்து, பின்னர் திரும்பி வந்து வாழ்வைக் கட்டியெழுப்பினார்கள். இன்று பிரதான வீதியோரத்தில் மின்கம்பங்கள் நிற்கின்றன. ஆயினும் களப்போரத்து மீன்வாடிகளிலும், சேனைக் காவற்குடில்களிலும், காட்டோரமாகத் தனித்து நிற்கும் வீடுகளிலும் இரவு என்பது இன்னமும் குப்பி விளக்கோடும் கைவிளக்கோடும் கழிகின்ற பொழுதாகவே இருக்கின்றது. அங்கு வாழ்வோரிற் பெரும்பாலானோர் நமது தமிழ்ச் சகோதரர்கள். ஓட்டமாவடி, வாழைச்சேனையிலிருந்து தொழிலுக்காகச் செல்லும் நம்மவர்களும் அவர்களோடு அதே களப்பில் வலை வீசுகின்றார்கள். இருள் இரு சாராருக்கும் பொதுவானது. வெயிலும் அவ்வாறே பொதுவானது.

குப்பி விளக்கின் கதையை முதலில் நோக்குவோம். ஒழுங்கற்ற போத்தலில் மண்ணெண்ணெயை ஊற்றித் திரியிட்டு எரிக்கும் அவ்விளக்கு சரிந்து விழுந்தால் ஒரு நொடியில் பாயும் பிள்ளையும் பற்றிக்கொள்ளும். இவ்வாறு எரிகாயமடைந்து வருவோருக்குச் சிகிச்சையளித்துச் சலித்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர அவர்கள், உயரம் குறைந்த, கனமான, இலகுவில் உருண்டோடாத, திருகு மூடியுள்ள பாதுகாப்பான விளக்கொன்றை வடிவமைத்து நாடெங்கும் பரப்பினார். ‘சுதீப’ எனும் அவ்விளக்கிற்காக 1998இல் சர்வதேச ரோலெக்ஸ் விருது அவருக்குக் கிடைத்தது. உறங்கச் செல்லுமுன் விளக்கை அணைத்துவிடுமாறு நபியவர்கள் கற்றுத் தந்ததன் தாற்பரியமும் வீட்டாரைத் தீயிலிருந்து காப்பதன்றோ! ஒரு மாற்று மத வைத்தியர் அதே நோக்கத்திற்காக உழைத்திருப்பதை நாம் நன்றியோடு நினைவுகூர வேண்டும்.

எண்ணெய் விளக்கின் செலவையும் கவனியுங்கள். 2022 ஆகஸ்ட் மாதம் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தது. மாதம் 5 லீற்றர் எரித்த வீட்டிற்கு 435 ரூபாவாக இருந்த செலவு 1,700 ரூபாவாயிற்று. படகு இயந்திரத்திற்கும் அதே எண்ணெயையே நம்பியிருந்த மீனவரின் நிலையைச் சொல்லத் தேவையில்லை. எங்கோ நிர்ணயமாகும் விலைக்கு நம் அடுப்பும் விளக்கும் கட்டுண்டு கிடப்பது எத்தகைய பலவீனம் என்பதை அந்த ஆண்டு நமக்கு உணர்த்தியது.

ஆகவே சூரிய ஒளியின் பக்கம் நம் பார்வை திரும்புவது இயல்பே. ஆனால் இங்குதான் நாம் நிதானிக்க வேண்டும். வெயில் இலவசம் என்பதால் வெளிச்சமும் இலவசம் என்று எண்ணிவிடுகின்றோம். கூரையில் பொருத்தும் தகடு இருபது ஆண்டுகளுக்கு மேலாக உழைக்கக் கூடியது. பகலிற் பிறக்கும் மின்சாரத்தை இரவுக்காகச் சேர்த்து வைக்கும் ஈய அமில பற்றரியோ, நன்றாகப் பராமரித்தாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளிற் சோர்ந்துவிடும். அந்த நாளுக்காகச் சேமிக்காத வீட்டில், கூரைத் தகடு வெயிலில் மின்னிக்கொண்டிருக்க, உள்ளே மீண்டும் குப்பி விளக்கு எரியும். நன்கொடையாகக் கிடைத்த தொகுதிகளுக்கு இக்கதி நேர்ந்ததை நீங்களும் கண்டிருப்பீர்கள். கொடுத்தவர் ஒரு முறை கொடுத்தார். பெற்றவர் மாதந்தோறும் ஒதுக்க வேண்டியதை ஒதுக்கவில்லை.

இதற்கு நமது நாட்டின் அனுபவமே பெரும் பாடம். உலக வங்கியின் உதவியோடு 1997இலும் பின்னர் 2002இலும் ஆரம்பிக்கப்பட்ட இரு திட்டங்களின் கீழ், மின்சாரம் எட்டாத கிராமங்களில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சூரிய மின்தொகுதிகள் கிடைத்தன. சர்வோதயத்தின் சீட்ஸ் முதலிய நுண்கடன் நிறுவனங்கள் தவணைக் கடன் வழங்கின. பிள்ளைகள் புகையற்ற வெளிச்சத்தில் படித்தார்கள். பின்னர் அக்கிராமங்களுக்கு மின்சார சபையின் கம்பி ஒவ்வொன்றாக வந்தது. வந்ததும் பலர் தொகுதியைக் கழற்றி மூலையிற் போட்டார்கள்; எஞ்சிய கடன் தவணைகளையும் பலர் நிறுத்தினார்கள். கடன் கொடுத்த நிறுவனங்கள் தள்ளாடின. தொகுதி விற்ற கம்பனிகள் அத்தொழிலைக் கைவிட்டன. கம்பி வராத அடுத்த கிராமத்து ஏழைக்குக் கடன் கொடுக்கவும், பழுது பார்க்கவும் ஆளில்லாமற் போயிற்று.

சகோதரர்களே! கடன் தீர்க்காது மரணித்தவரின் ஜனாஸாத் தொழுகையை முன்னின்று நடத்த நபியவர்கள் தயங்கியதையும், தோழர் ஒருவர் அக்கடனைப் பொறுப்பேற்ற பின்னரே தொழுவித்ததையும் நாம் அறிவோம். வேறு வெளிச்சம் வந்துவிட்டது என்பதால் பழைய வெளிச்சத்திற்குப் பட்ட கடன் நீங்கிவிடுமா? நாம் செலுத்தாத தவணை, முகமறியாத இன்னொருவரின் வீட்டை இருளில் வைத்திருக்கின்றது.

அடுத்து, அளவறிந்து வாழ்வது பற்றிச் சிந்திப்போம். ஒரு சிறு வீட்டின் ஒரு நாட் கணக்கு இது. 5 வோட் எல்.ஈ.டி. மின்குமிழ்கள் மூன்று, ஐந்து மணித்தியாலம்: 75 வோட் மணி. வானொலி நான்கு மணித்தியாலம்: 20. கைத்தொலைபேசிகள் இரண்டு: 20. நேரடி மின்னோட்டத்தில் இயங்கும் 15 வோட் மின்விசிறி எட்டு மணித்தியாலம்: 120. ஆக மொத்தம் 235 வோட் மணி. நல்ல வெயில் நாளில் 100 வோட் தகடொன்று, இழப்புக்கள் போக, ஏறத்தாழ 300 வோட் மணி தரும். 12 வோல்ட், 100 அம்பியர் மணி பற்றரியில் 1,200 வோட் மணி அடங்கும்; எனினும் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குன்றிவிடும். எனவே நாம் தொடக்கூடியது 600. வெயிலே இல்லாவிடினும் இரண்டரை நாட்கள் தாங்கலாம்.

ஆனால் நமது பிரதேசத்தில் நவம்பர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்றோடு மாரி மழை நாட்கணக்கிற் பொழியுமே, அப்போது என்ன செய்வது? மழைக் குளிரில் மின்விசிறி தேவையா? அதை நிறுத்தினால் அன்றாடச் செலவு 115 ஆகக் குறையும்; இரண்டரை நாட்களுக்குப் போதுமாயிருந்த அதே பற்றரி ஐந்து நாட்களுக்கு வெளிச்சம் தரும். செழிப்பான ஏழு ஆண்டுகளிற் சேமித்துப் பஞ்சமான ஏழு ஆண்டுகளை வென்ற யூஸுஃப் நபியின் வரலாற்றை நாம் எத்தனை முறை கேட்டிருக்கின்றோம்! அந்தப் படிப்பினையை ஒரு பற்றரிப் பெட்டிக்குள் கடைப்பிடிப்பவரே கம்பியின்றி வாழத் தகுதி பெற்றவர்.

கம்பியோடு வாழ்வோருக்கும் ஒரு வார்த்தை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கினால் ஏற்பட்ட கோளாறில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். அன்று பட்டப்பகல். பற்றரியின்றி, பிரதான கம்பியோடு மட்டும் இணைக்கப்பட்ட கூரைத் தகடுகள் உள்ள வீடுகளிலும் மின்சாரம் இருக்கவில்லை. கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காப்பதற்காக, பிரதான மின்சாரம் நின்றால் அத்தொகுதிகள் தாமாகவே நின்றுவிடும்படி அமைக்கப்பட்டுள்ளன. ஆகவே தகடு வாங்குமுன், மின்தடையின்போதும் இது இயங்குமா என்று விற்பவரிடம் கேளுங்கள். தற்சார்பு வேண்டுமாயின் சேமிப்பும் அதற்குரிய இன்வேட்டரும் வேண்டும்.

சூரியன் மாத்திரம் போதுமா எனும் கேள்விக்கு வடக்கின் தீவுகள் விடை தருகின்றன. யாழ்ப்பாணத்து எழுவைதீவில் 2016ஆம் ஆண்டு முதல் சூரிய ஒளி, காற்று, பற்றரி, டீசல் இயந்திரம் நான்கும் சேர்ந்த தொகுதியொன்று அமைந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிற்கும் இந்திய நன்கொடையில் அவ்வாறே அமைப்பதற்கான ஒப்பந்தம் 2024 மார்ச் 1ஆம் திகதி கைச்சாத்தானது. அதன் திட்ட அளவுகள்: சூரிய ஒளி 1,700 கிலோவோட், காற்று 530 கிலோவோட், பற்றரி 2,400 கிலோவோட் மணி, அதற்கும் மேலாக அவசரத்திற்கு 2,500 கிலோவோட் டீசல். அத்தனை பொறியியலாளர்கள் கூடித் திட்டமிட்டும் ஒன்றையே நம்பியிருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நமது களப்போரத்து வீட்டிற்கு இத்தனையும் வேண்டாம். சில கடமைகள் போதும். உப்புக் காற்று இரும்பை அரிக்கும். ஆதலால் துருப்பிடிக்காத ஆணிகளையும் அலுமினியச் சட்டத்தையும் பயன்படுத்துங்கள். 1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட மண் இது. தகட்டைக் கூரை ஓட்டில் அன்றி மரச்சட்டத்தில் இறுகப் பிணையுங்கள். தகட்டிற் படியும் உப்பையும் தூசியையும் காலை வேளையில் நன்னீரால் கழுவுங்கள். நீர் ஊற்றும் வகைப் பற்றரியாயின் காய்ச்சி வடித்த நீரை மாத்திரம் ஊற்றுங்கள். கிணற்று நீர் அதற்கு நஞ்சு. பற்றரியைக் காற்றோட்டமான இடத்தில், பிள்ளைகளுக்கு எட்டாதவாறு வையுங்கள். ஆயுள் முடிந்த பற்றரியை ஒருபோதும் களப்பில் வீசாதீர்கள். அதிலுள்ள ஈயமும் அமிலமும் மீனுக்கும், அதை உண்ணும் நம் பிள்ளைகளின் மூளைக்கும் கேடு. அதனைப் பழைய பற்றரி வாங்குவோரிடமே கொடுங்கள். கிடைக்கும் பணம் புதியதற்கு உதவும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, முதல் மாதத்திலிருந்தே ஓர் உண்டியலை ஆரம்பியுங்கள். பற்றரியின் விலை 36,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 ரூபா ஒதுக்கினால் மூன்று ஆண்டுகளில் அத்தொகை கையில் இருக்கும். எண்ணெய்க்குக் கொடுத்த 1,700 ரூபாவை விட இது குறைவே. தனியே இயலாதவர்கள் பத்துக் குடும்பமாகக் கூடுங்கள். மலையகத்தின் சிற்றோடைகளில் மின்சாரம் எடுத்த கிராம மக்கள், நுகர்வோர் சங்கம் அமைத்து, மாதச் சந்தா சேர்த்து, தாமே பராமரித்து வந்தார்கள். நம் பள்ளிவாசல் நிருவாகிகளும், அங்குள்ள மீனவர் சங்கத்தாரும், கோயில் பரிபாலன சபையாரும் ஒன்றாக அமர்ந்து வட்டியில்லாக் கடன் நிதியொன்றை ஏன் ஏற்படுத்தக் கூடாது? இருவர் பற்றரி சோரும்போது எட்டுப் பேரின் சேமிப்பு கைகொடுக்கும். கணக்கைப் பகிரங்கமாக வாசியுங்கள், நம்பிக்கை வளரும்.

அன்பர்களே! வெயில் நாம் கேளாமற் கிடைத்த நன்கொடை. அதைச் சேர்த்து வைக்கும் பற்றரி நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதன் தவணையும் உண்டியலும் களப்பின் தூய்மையும் அந்த அமானிதத்தின் பகுதிகள்.

யா அல்லாஹ்! இருளில் தொழில் செய்யும் ஏழைகளின் வீடுகளில் ஒளியைத் தருவாயாக! கடனிலிருந்து எங்களை விடுவிப்பாயாக! வீண்விரயத்திலிருந்து எங்களைக் காப்பாயாக! அயலவரோடு இணைந்து நன்மை செய்யும் உள்ளத்தை எங்களுக்கு அருள்வாயாக! ஆமீன்.

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.