குழந்தைகளும் ஒரு ராத்திரி வெளிவாசமும்

(திருப்பூரில் பனியன் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயத்தைத் தலைவர் அறிவித்ததும் சிலருக்குச் சிரிப்பு வந்ததைக் கண்டோம். பெண்டு பிள்ளைகளோடு வெளியூர் போய், தார்ப்பாய் கட்டி, ஒரு ராத்திரி தங்கி வருவதென்பது பணக்காரர் விளையாட்டு, வாரக் கூலிக்காரனுக்கு எதற்கு என்பதுதான் அந்தச் சிரிப்பின் அர்த்தம். அதே வாரக் கூலிக்காரன் பழனிக்குக் காவடி எடுக்கவும், குலதெய்வத்துக்குக் கிடா வெட்டவும் கம்பெனியில் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போகிறானே, அப்போது இந்தச் சிரிப்பு எங்கே போய்விடுகிறது என்று கேட்கின்றோம்.

கடந்த தை மாத விடுமுறையில் 7 குடும்பங்கள், குழந்தைகள் 11 பேர், உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே திருமூர்த்தி மலையடிவாரத்தில் ஒரு தோழரின் தென்னந்தோப்புக்குப் போனோம். மலைக்காடு ஆனைமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. அனுமதியில்லாமல் அதற்குள் தங்கக் கூடாது. தோப்பே நமக்குப் போதும். செலவு பஸ் சார்ஜும் அரிசி பருப்பும்தான். படுக்கைக்குப் பனியன் வேஸ்ட் அடைத்த மூட்டைகளைக் கொண்டுபோனோம். அதற்காவது நம் ஊரில் பஞ்சமில்லையே!

லைன் வீட்டில் பிறந்து லைன் வீட்டில் வளர்கிற குழந்தைக்கு என்ன தெரியும்? பவர் டேபிள் சத்தம் தெரியும், சனிக்கிழமை சம்பளம் தெரியும். தோப்பின் ஓரத்து வாய்க்காலைக் கண்ட ஒரு பையன் நம்மைப் பார்த்து, "இதுல இன்னும் சாயம் கலக்கலையா?" என்று கேட்டான். நாம் வெட்கிப்போனோம். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கிற நொய்யலை அவன் ஆறாக ஒருநாளும் பார்த்ததில்லை. பாசனத்துக்கென்று 1992-இல் ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள். அதில் தேங்கியதோ சாயக் கழிவு. விவசாயிகள் வழக்காடி, 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்தம் செய்யும் ஏற்பாட்டுக்கு நம்மூர் முதலாளிகள் வழிக்கு வந்தார்கள். ஆற்றைக் கெடுத்தது விதியுமல்ல, சாமி குற்றமுமல்ல, மனிதன்தான் என்பதைப் பள்ளிக்கூடத்தில் பத்து நாள் சொன்னாலும் ஏறாது. வாய்க்காலில் காலை நனைத்துக்கொண்டு கேட்ட பையனுக்குக் கால்மணியில் ஏறிவிட்டது.

பொழுது சாய்ந்ததும் விளக்கு, டார்ச்சு, செல்போன் எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னோம். குழந்தைகள் கத்தினார்கள். தோப்பு மூலையில் வெள்ளையாய் ஒன்று நிற்கிறது, முனி என்றார்கள். "அரைமணி நேரம் பேசாமல் உட்காருங்கள்" என்றோம். இருட்டுக்குக் கண் முழுதும் பழகுவதற்கு ஏறக்குறைய அவ்வளவு நேரம் பிடிக்கும். விழித்திரையில் மங்கல் வெளிச்சத்துக்கென்றே இருக்கிற செல்கள் மெதுவாகத்தான் வேலைக்கு வரும். அரைமணி கழித்து முனி ஒரு சுண்ணாம்படித்த எல்லைக்கல்லாகிவிட்டது. எட்டு வயதுப் பெண்குழந்தை ஒருத்தி டார்ச்சுடன் போய் அதைத் தொட்டுவிட்டு வந்தாள். நம்முடன் வந்த தகப்பனார் ஒருவர், பத்து வருஷமாக நம் கூட்டங்களில் முன்வரிசையில் கைதட்டுகிறவர், இடத்தைவிட்டு எழுந்திருக்கவேயில்லை! அவரைக் குறை சொல்லவில்லை. சின்ன வயதில் ஊட்டிய பயம் பெரிய வயதுப் பிரசங்கத்தில் போகாது என்பதற்கு அவர் ருசு, அவ்வளவே.

வானத்தில் கார்த்திகைக் கூட்டம் தெரிந்தது. அது நம் மகளின் ஜென்ம நட்சத்திரம் என்று ஒரு தாயார் காட்டினார். இன்று நம் கண்ணில் படுகிற வெளிச்சம் அங்கிருந்து புறப்பட்டுச் சுமார் 440 வருஷமாகிறது. வெள்ளைக்காரன் கம்பெனி ஆரம்பிக்கிறதற்கு முந்தி. அந்த வெளிச்சத்துக்கு இந்தப் பெண்ணின் கல்யாணத்தில் என்ன அக்கறை என்று கேட்டோம். தாயார் ஒன்றும் சொல்லவில்லை. மகள் மட்டும், "அப்ப 440 வருஷம் கழிச்சுத்தான் நம்மள அங்கிருந்து பார்ப்பாங்களா?" என்றாள். அது ஜோசியனுக்குத் தோன்றாத கேள்வி.

பாம்பு பயத்தைச் சொல்லித்தான் பாட்டிமார் பலர் தடுத்தார்கள். பயம் நியாயமானதே, அதற்கு வேண்டியது செருப்பும் வெளிச்சமும், புதருக்குள் கைவிடாத புத்தியுமாகும். கடித்தால் கீறாதே, இறுக்கிக் கட்டாதே, கடிபட்ட கையைக் காலை அசைக்காதே, மந்திரிப்பவனிடம் போகாதே, நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போ என்று குழந்தைகளையே திருப்பிச் சொல்லச் சொன்னோம். புற்றுக்குப் பால் வார்க்கிறோமே, பாம்பு பால் குடிக்கிற பிராணியே அல்ல. விஷமுறி மருந்து செய்யப் பாம்பின் விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்கள் செங்கற்பட்டுப் பக்கம் வடநெம்மேலியில் 1978 முதல் கூட்டுறவுச் சங்கம் வைத்திருக்கும் இருளர்கள். அவர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருவருக்கு 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தாழ்ந்தவன் என்று ஒதுக்கப்பட்டவன் கொடுத்த விஷத்தில்தான் உயர்ந்தவன் உயிர் பிழைக்கிறான்.

சமையல் அன்று ஆண்களுடையது. சாம்பார் தீய்ந்துபோயிற்று; அதை ஒளிப்பானேன்? 1907-இல் இங்கிலாந்தில் பேடன் பவல் பிரௌன்சீ தீவில் சுமார் 20 பையன்களைக் கூட்டிக்கொண்டு முகாம் போட்டபோது, சீமான் வீட்டுப் பிள்ளைகளையும் கூலிக்காரன் பிள்ளைகளையும் கலந்தே வைத்தார். அவர் ஏகாதிபத்தியத்தின் ராணுவ தளகர்த்தர். ஆனாலும் இந்த ஒரு காரியத்தில் நம்மூர்ச் சனாதனிகளைவிட மேல். பெண்குழந்தைகளைச் சேர்க்க அவருக்கும் அப்போது தோன்றவில்லை.

மறுநாள் காலை நடந்ததைச் சொல்லத்தான் இங்கு வந்தோம். உலாவப் போன வழியில் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டோம். அங்கிருந்த வயதான அம்மாள், "ஏங்கண்ணு, நீங்கெல்லாம் என்ன ஆளுங்க?" என்று விசாரித்தார். ஏழு வயதுக் குழந்தை முந்திக்கொண்டு, "நாங்க ஓவர்லாக் ஆளுங்க பாட்டி, இவங்கப்பா பிளாட்லாக், அவங்கம்மா செக்கிங்" என்றது. பெரியவர்கள் சிரித்தோம். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. சொம்பை உயரத் தூக்கி எங்கள் கைகளில் ஊற்றினார். "டம்ளர்ல குடுக்க மாட்டீங்களா?" என்று குழந்தை கேட்டது. நாம் பதில் சொல்லாமல், குழந்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டோம். எத்தனையோ மேடைகளில் சாதியைச் சாடியவர்கள், ஒரு வாசலில் வாயடைத்து நின்றோம். பஸ்ஸில் திரும்பும்போதுதான் குழந்தைகளை உட்காரவைத்து அது என்ன, ஏன் என்று ஒன்றுவிடாமல் சொன்னோம். அந்தக் குழந்தை வெகுநேரம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தது.

அடுத்த தை விடுமுறையிலும் அதே தோப்புக்கு, அதே வழியாகத்தான் போகப்போகிறோம். அந்த வாசலில் மறுபடியும் தண்ணீர் கேட்போம். இம்முறை டம்ளரில் கேட்போம். வர இஷ்டமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கலாம். பெண்குழந்தைகளை வீட்டில் விட்டு வருகிறவர்களுக்கு இடமில்லை. தார்ப்பாய் இரண்டு குறைகிறது. சாம்பார் வைக்கத் தெரிந்த ஆண்கள் இருந்தால் முன்கூட்டியே சொல்லவும்.