படமும் சார்பும்
(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



‘மா’ என்பது பலபொருள் ஒருசொல். ‘மா தளிர்த்தது’ எனின் மரமாம். ‘மா கனைத்தது’ எனின் குதிரையாம். இத்தகைய சொல்லின் பொருளை உடன்வரும் வினையும் இனமும் சார்பும் கொண்டு துணிதல் வேண்டும் என்பர் நம் இலக்கண நூலார். மனிதர் முகங்காட்டும் புகைப்படமும் அத்தன்மையதே. கீழெழுதும் வாசகமும், அச்சேறும் இடமும் மாறுந்தோறும் அதன் பொருளும் மாறும்.

இதற்கு அமெரிக்க நாட்டு வரலாறு ஒன்று சான்றாகும். 1936-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், கலிபோர்னியாவில் நிப்போமோ என்னும் ஊரருகே, பட்டாணி பறிக்கும் கூலியாட்களின் முகாமில், அரசாங்க அலுவலில் இருந்த டாரதியா லாங் என்னும் மாது ஒரு தாயைப் படம் பிடித்தார். பனியால் பயிர் அழிந்து, வேலையின்றி மக்கள் பசித்திருந்த காலம் அது. தாய்க்கு வயது 32. மடியிற் கைக்குழந்தை, இரு பிள்ளைகள் முகத்தை மறைத்து அவர் தோள்களிற் சாய்ந்திருந்தனர். லாங் அவர் பெயரைக் கேட்டிலர்.

அங்கு எடுத்த படங்கள் சான்பிரான்சிஸ்கோப் பத்திரிகையொன்றில் பசிச் செய்தியோடு வெளிவந்தன. அரசாங்கம் 20,000 பவுண்டு உணவை அம்முகாமுக்கு அனுப்பிற்று; அதற்குள் அக்குடும்பம் வேறிடம் சென்றுவிட்டது. பின்னர் அப்படம் கண்காட்சிச் சாலைகளிற் கலைப்பொருளாயிற்று. 1998-இல் 32 சென்ட் அஞ்சல் தலையிலும் இடம்பெற்றது.

அத்தாயின் பெயர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பதை உலகம் 1978-இல்தான் அறிந்தது. புழுதிப் புயலால் நிலமிழந்து வந்த வெள்ளையர் குடியானவப் பெண் என்றே பலர் கருதியிருந்தனர். அவரோ செரோக்கி என்னும் தொல்குடியினர்; படமெடுப்பதற்குப் பல்லாண்டு முன்னரே கலிபோர்னியா சேர்ந்தவர். உணவுக்காக வண்டியின் டயர்களை விற்றனர் என்ற படக்குறிப்பையும் குடும்பத்தார் மறுத்தனர். அப்படத்தால் தமக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்றும், அதனை எடுக்காதிருந்தால் நன்றென்றும் அவர் வருந்தினார். பிறர் உள்ளத்தில் இரக்கத்தை எழுப்பிய படம் அவர் பிள்ளைகளுக்கு நாணத்தையே தந்தது. 1983-இல் அவர் நோயுற்றபோது பொதுமக்கள் பொருளுடன் அன்புக் கடிதங்களும் அனுப்பினர். அவற்றைப் படித்த பின்னரே பிள்ளைகளுக்கு அப்படம் பெருமையாயிற்று.

அன்பர்களே! இதனை அயல்நாட்டுக் கதை என ஒதுக்கற்க. நம் சங்கத்தார் ஆண்டுதோறும் உபகாரச் சம்பளம் வழங்குகின்றனர். அதனைப் பெறும் மாணவனைப் படமெடுத்து, ‘உதவி பெறும் ஏழை மாணவன்’ என்று அச்சிட்டால் அவன் அவ்விதழை வீட்டாருக்குக் காட்டுவானோ, மறைப்பானோ? அதே படத்தின்கீழ் அவன் பெயரும், பயிலும் கல்வியும், பெற்ற மதிப்பெண்ணும் இருப்பின் அவன் பேரனும் அதனைப் போற்றுவான் அன்றோ?

ஆதலின் நம் பத்திராதிபர்க்கு ஒரு விண்ணப்பம். படத்திலுள்ளார் இசைவு பெற்று, எழுதிய வாசகத்தை அவர்க்குப் படித்துக் காட்டிய பின்னரே அச்சிடுக. இல்லத்தார்க்கும் ஒன்று கூறுவேன். முன்னோர் படங்களின் பின்புறத்தில் பெயரும் ஊரும் ஆண்டும் இன்றே எழுதி வையுங்கள். அறிந்த பெரியோர் இருக்கும்போதே அது செய்யத்தக்கது.