'விடுதலை' என்னும் சட்டச்சொல்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சட்டச்சொற்களின் பொருள் குறித்துப் பேசுமாறு பணித்தீர்கள். வாதி, வக்காலத்து, வில்லங்கம் என்று அகராதியை விரித்தால் உங்கள் பொறுமையே வாய்தா கேட்கும். ஆதலின், கவிஞர்கள் மிகுதியும் கையாளும் ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது 'விடுதலை'.

'ஜாமீனில் விடுதலை' என்று நாளிதழ்களில் படிக்கிறோம். அங்கே வழக்கு முடிந்துவிடவில்லை. பிணையில் வந்தவர் குறித்த நாளில் மன்றத்தில் நிற்கக் கடமைப்பட்டவர். குற்றச்சாட்டு வனைவதற்கு முன்பே, போதிய ஆதாரமில்லை என்று கண்டு அனுப்புவது விடுவிப்பு. (குயவரும் புலவரும் வனைவதுபோல் நீதிமன்றமும் வனைகிறது, இச்சொல்லாட்சி எனக்கு மிகவும் பிடித்தது.) விசாரணை முழுதும் நடந்து, குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று தீர்ப்பாவதே விடுதலை.

இவையெல்லாம் குற்றவியல். சார்பதிவாளர் அலுவலகத்தில் வேறொரு விடுதலை இருக்கிறது. குடும்பச் சொத்தில் தமக்குள்ள பங்கை உடன்பங்காளிகளுக்கு விட்டுக்கொடுத்து எழுதுவது 'விடுதலைப் பத்திரம்'. இங்கே விடுபடுவது ஆள் அன்று, உரிமை. எழுதிக்கொடுப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண் என்பதை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை.

சேக்கிழார் காட்டும் திருவெண்ணெய்நல்லூர் வழக்கை நினைத்துப் பாருங்கள். ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என மூவகைச் சான்று பேசப்படுகிறது. மூல ஓலையின் எழுத்தைப் பாட்டனாரின் வேறோர் எழுத்தோடு ஒப்புநோக்கி அவையோர் முடிவு சொல்கிறார்கள். வழிவழியாக அடிமை என்று எழுதிய அந்த ஓலைக்குப் பெயர் 'ஆளோலை'. கொடியதுதான், ஆயினும் பெயரில் ஒளிவு இல்லை.

என் தாத்தா தாமே உழைத்து வாங்கிய நிலம் ஒன்று இருந்தது. உயில் எழுதாமலே மறைந்தார். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அதில் மகனுக்குள்ள பங்கு மகளுக்கும் உண்டு. 1989இல் தமிழ்நாட்டிலும் 2005இல் நாடு முழுமைக்கும் வந்த திருத்தங்கள் பூர்விகச் சொத்தைப் பற்றியவை. இந்நிலத்துக்கு அவை வேண்டியதேயில்லை. 1998இல் என் அத்தை விடுதலைப் பத்திரத்தில் கையொப்பமிட்டார். 'மனப்பூர்வமாகச் சம்மதித்து' என்று பத்திர எழுத்தர் எழுதியிருந்தார். எழுதிப் பெற்றவர் என் தந்தை. அந்நிலத்தின் வருவாயில்தான் நான் முதுகலையும் முனைவர் பட்டமும் படித்தேன்.

பல்லாண்டு கழித்து, பழைய பெட்டியில் கிடைத்த நகலை நீட்டி அத்தை கேட்டார்: "ஏம்மா, நீ தமிழ் படிச்சவ. விடுதலைன்னு போட்டிருக்கே, யாருக்கு விடுதலை?"

சொற்பொருள் விளக்குவது என் தொழில். அன்று என்னால் விளக்க இயலவில்லை. அப்பத்திரத்துக்கு ஏற்ற பெயரை உங்களில் ஒருவர் படைத்துத் தர வேண்டுமென்று கேட்டு அமைகிறேன்.