இந்தக் கல் எங்கே கிடந்தது?

 

இன்று ஒரு சின்னக் கல்லைப் பற்றிப் பேசப் போகிறேன். அது நம் கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். ஒரு முனை கூர்மையாக இருக்கும். இரண்டு ஓரமும் பல் பல்லாக இருக்கும். யாரோ உடைத்துப் போட்ட சில்லு என்று நினைப்போம். ஆனால் அது சில்லு அல்ல. அம்பு முனை. இரும்பு என்றால் என்ன என்றே தெரியாத காலத்தில் மனிதன் செய்த அம்பு முனை.

இந்தத் திருவனந்தபுரத்தில், சாலைக் கடைத்தெருவில் வேலை செய்கிற பலருக்குத் திருச்செந்தூர், நாசரேத், சாத்தான்குளம் பக்கம்தான் சொந்த ஊர். அங்கே செம்மணல் மேடுகள் இருக்கின்றன. தேரி என்கிறோம். சிறு வயதில் அந்த மணலில் ஓடி விளையாடி இருப்பீர்கள். அந்தத் தேரியில்தான் இந்தக் கல் அம்புகள் கிடைக்கின்றன.

சாயர்புரம் தேரியில் இந்தச் சிறு கருவிகளை முதலில் கண்டவர் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற ஆங்கிலேயர். பிறகு ஜாய்னர், பிரிஜெட் ஆல்சின் என்ற இரண்டு அறிஞர்கள் தேரிக் கருவிகளை ஆராய்ந்து 1956-இல் விரிவாக எழுதினார்கள். இது நம் ஊருக்குப் பெரிய பெருமை.

நம் கேரளத்திலும் இப்படிப்பட்ட கருவிகள் உண்டு. கேரளத்தில் பழைய கற்கால மனிதன் வாழவே இல்லை என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். பி. இராஜேந்திரன் என்ற ஆய்வாளர் ஊர் ஊராகத் தேடினார். கற்கருவிகளைக் கண்டுபிடித்தார். அந்த எண்ணம் மாறியது. கொல்லம் மாவட்டம் தென்மலைக் காட்டில் ஒரு பாறைக் குகையிலும் சிறு கற்கருவிகள் கிடைத்தன.

சரி. தானாக உடைந்த கல் எது? மனிதன் செய்த கல் எது? எப்படிக் கண்டுபிடிப்பது? நான்கு கேள்விகள் கேளுங்கள்.

முதல் கேள்வி: இந்தக் கல் இந்த இடத்துக் கல்லா? தேரியில் எங்கும் மணல்தான். அங்கே வெங்கச்சங்கல்லோ, சிக்கிமுக்கிக் கல் போன்ற வழுவழுப்பான கல்லோ கிடந்தால், அது எப்படி வந்தது? காற்று மணலைத் தூக்கி வரும். கல்லைத் தூக்கி வராது. யாரோ கொண்டு வந்திருக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி: அடித்த அடையாளம் இருக்கிறதா? தடித்த கண்ணாடி உடைந்ததைப் பார்த்திருப்பீர்கள். உடைந்த பக்கத்தில் சிப்பி ஓடு மாதிரி வளைவு வளைவாக வரி இருக்கும். சிக்கிமுக்கி போன்ற கல்லும் அப்படித்தான் உடையும். அடிபட்ட இடத்துக்குக் கீழே சிறு புடைப்பு இருக்கும். கட்டைவிரலால் தடவினால் தெரியும். வெங்கச்சங்கல்லில் மட்டும் இது அவ்வளவு தெளிவாகத் தெரியாது.

மூன்றாவது கேள்வி: ஓரத்தைச் செதுக்கி இருக்கிறார்களா? கருக்கரிவாளின் பல்லை நினைத்துப் பாருங்கள். ஒரே வரிசையாக இருக்கும். கல் அம்பின் ஓரமும் அப்படித்தான். எலும்பு முனையாலோ கொம்பு முனையாலோ அழுத்தி அழுத்திச் சிறு சிறு சில்லாகப் பெயர்த்திருப்பார்கள். சில அம்புகளில் இரண்டு பக்கமும் செதுக்கி இருக்கும். வண்டிச் சக்கரம் ஏறினாலும் கல் உடையும். ஆனால் அந்த உடைவில் வரிசை இருக்காது.

நான்காவது கேள்வி: பக்கத்தில் சில்லுகள் கிடக்கின்றனவா? தச்சர் வேலை செய்த இடத்தில் இழைப்புச் சுருள் கிடக்கும். அதுபோலக் கல் அம்பு செய்த இடத்தில் கழிவுச் சில்லுகள் கிடக்கும். அதைப் பார்த்தால் அது பழைய பட்டறை என்று தெரிந்துகொள்ளலாம்.

எல்லாச் சிறு கருவியும் கூர் முனையாக இருக்காது. சில பிறை வடிவில் இருக்கும். அவற்றை மரக்குச்சியில் பிசின் வைத்து ஒட்டி அம்பாகவோ கத்தியாகவோ பயன்படுத்தினார்கள்.

நண்பர்களே, இனி என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். எனக்கு அப்போது இருபது வயது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் தேரியில் கல் பொறுக்குவேன். ஒரு துணிப்பை நிறையச் சேர்த்தேன். பிறகு ஒரு தொல்லியல் அறிஞரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று கற்களைத் தனியே எடுத்து வைத்தார்.

"இவை அம்பு முனைகள்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அவ்வளவு மகிழ்ச்சி!

"எங்கே எடுத்தாய்?" என்று கேட்டார்.

"தேரியில் ஐயா."

"தேரி எத்தனை மைல் நீளம் தம்பி! எந்த மேடு? உச்சியிலா, அடியிலா? பக்கத்தில் வேறு என்ன கிடந்தது?"

என்னிடம் பதில் இல்லை. அவர் என்னைத் திட்டவில்லை. "கல் இருக்கிறது. அதன் கதை போய்விட்டது" என்று மட்டும் சொன்னார். அடுத்த ஆண்டு நான் திரும்பப் போனேன். காற்று மணலை மாற்றிப் போட்டிருந்தது. எந்த இடம் என்று எனக்கே தெரியவில்லை.

கல்லைப் பார்த்து மட்டும் அதன் வயதைச் சொல்ல முடியாது. அது எந்த மண் அடுக்கில் கிடந்தது, எவற்றோடு கிடந்தது என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும். கல்லுக்கு வாய் இல்லை. அது கிடந்த இடம்தான் அதற்கு வாய்.

முன்னே சொன்ன ஃபூட் மண்ணியல் துறையில் வேலை பார்த்தவர். 1863 மே 30 அன்று சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் ஒரு கல் கோடரியைக் கண்டார். அதே ஆண்டு அத்திரம்பாக்கத்திலும் கருவிகளைக் கண்டார். எந்தக் கருவி எந்த ஊரில் கிடைத்தது என்று குறித்து வைத்தார். அதனால் பின்னால் வந்தவர்கள் அதே அத்திரம்பாக்கத்துக்குப் போய்த் தோண்ட முடிந்தது. அங்குள்ள கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழையவை என்று சாந்தி பப்பு குழுவினர் 2011-இல் அறிவித்தார்கள்.

மயிலாடுதுறை அருகே செம்பியன் கண்டியூர் என்று ஓர் ஊர். அங்கே ஒரு பள்ளி ஆசிரியர் தன் தோட்டத்தில் கன்று நடக் குழி தோண்டினார். வழுவழுப்பான கல் கோடரி கிடைத்தது. அதை அவர் ஒளித்து வைக்கவில்லை. விற்கவில்லை. தொல்லியல் துறையில் இருந்த நண்பரிடம் கொடுத்தார். அதில் நான்கு குறிகள் இருந்தன. அவை சிந்துவெளி எழுத்து என்று அறிஞர் ஐராவதம் மகாதேவன் 2006-இல் கருத்துச் சொன்னார். நாடே அந்த ஊரைத் திரும்பிப் பார்த்தது.

இனி நீங்கள் என்ன செய்ய வேண்டும்? வயலிலோ தோட்டத்திலோ இப்படி ஒரு கல்லைப் பார்த்தால் உடனே எடுக்காதீர்கள். சுற்றிலும் தோண்டாதீர்கள். தேய்த்துக் கழுவாதீர்கள். முடிந்தால் அங்கேயே படம் எடுங்கள். மழையில் அடித்துப் போகும் என்றால் மட்டும் எடுத்துத் தனிப் பையில் போடுங்கள். விற்கவே கூடாது. இங்கே கேரளத் தொல்லியல் துறை இருக்கிறது. தமிழ்நாட்டிலும் தொல்லியல் துறை இருக்கிறது. அங்கே சொல்லுங்கள்.

இன்னொரு வேலையும் உண்டு. ஒரு துண்டுத் தாளை எடுங்கள். தேதி, ஊர், யாருடைய நிலம், எந்த மரத்துக்கு எத்தனை அடி தூரம், எவ்வளவு ஆழம் என்று எழுதுங்கள். கீழே உங்கள் பெயரை எழுதுங்கள். அதைக் கல்லோடு பையில் வையுங்கள்.

அந்த அம்பைச் செய்தவனுக்கு எழுத்துத் தெரியாது. அவன் பெயர் நமக்குத் தெரியாது. எழுதப் படிக்கத் தெரிந்த நான், இருபது வயதில் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. நீங்கள் இப்போது எழுதக் கற்றுவிட்டீர்கள். நான் எழுதாமல் விட்ட அந்த நாலு வரியை நீங்கள் எழுதுங்கள்.