காகம் கரையும்... கூழைக்கடா?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தமிழ்ல ஏதாவது பத்து நிமிஷம் பேசுங்க சார்"னு செயலாளர் சொன்னார். நான் பள்ளிக்கூடத் தமிழ் வாத்தியார். வருஷம் தவறாமல் நடத்திய பாடம் மரபுச் சொற்கள். அதையே எடுத்துக்கொள்கிறேன். குயில் என்ன செய்யும்? ("கூவும்!") மயில்? ("அகவும்!") யானை? ("பிளிறும்!") பரவாயில்லையே, அந்த ரெண்டு மார்க் இன்னும் கையிலதான் இருக்கு!

ஆனா வீட்டுக்குப் போனா என்ன சொல்றோம்? காக்கா கத்துது, பூனை கத்துது, மாடு கத்துது, பக்கத்து வீட்டு டி.வி.யும் கத்துது. பேச்சு அப்படித்தான் இருக்கும், அதில் குற்றமில்லை. ஆனால் அந்தப் பட்டியலைப் பரீட்சைக்கான மனப்பாடம் என்று நினைத்து ஓரங்கட்டிவிட்டோம். அது மனப்பாடம் இல்லை ஐயா, அது காது. நம் முன்னோர் உட்கார்ந்து கேட்ட கேள்வியின் கணக்கு.

ஆந்தை அலறும், கூகை குழறும். ரெண்டும் ஒரே இனம்தான், ரெண்டும் இருட்டில்தான் வரும். கண்ணுக்குப் பிடிபடாததைக் காது பிரித்திருக்கிறது. ஒன்றின் குரல் அலறல். இன்னொன்றின் குரல், வாயில் வெற்றிலையோடு பேசுகிறவர் மாதிரி குழறல். இதைப் பிரித்துச் சொன்னவன் எத்தனை ராத்திரி விழித்திருந்தானோ!

மரபு என்பது நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்தின் கடைசி இயலுக்கே மரபியல் என்றுதான் பெயர். இளமைப் பெயர் 9, ஆண்பாற் பெயர் 15, பெண்பாற் பெயர் 13 என்று எண்ணி வைத்திருக்கிறார்கள். எதன் குட்டியை எப்படி அழைப்பது என்பதில் அவ்வளவு கவனம். ஒலிச் சொற்களிலும் அதே கவனம்தான்.

கரைதல் என்றால் வெறும் சத்தமில்லை, அழைத்தல். கிடைத்ததை மறைக்காமல் இனத்தைக் கூப்பிட்டு உண்ணும் காகத்தை வள்ளுவர் 527ஆம் குறளில் காட்டுகிறார். குறுந்தொகை 210இல் ஒரு தோழி, தலைவன் வரவை முன்கூட்டிச் சொல்லிக் கரைந்த காகத்துக்கு எவ்வளவு நெய்ச்சோறு வைத்தாலும் தகும் என்கிறாள். அதைப் பாடிய புலவருக்குக் காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்றே பெயர் நிலைத்துவிட்டது. சந்தேகம் இருந்தால் விடியற்காலையில் காசிமேடு ஏலத்துக்குப் போய்ப் பாருங்கள். ஒரு காக்கா கூடையைப் பார்த்தால் போதும், குப்பத்துக் காக்கா அத்தனையும் வந்து சேரும். கரைதல் என்றால் என்ன என்பதற்கு அதைவிட உரை வேண்டாம்.

மயிலுக்குரிய அகவல் ஆசிரியப்பாவின் ஓசைக்கும் பெயரானது. மனுஷனும் இந்தச் சொற்களை விடவில்லை. தலைவர் மேடையில் முழங்குவார், எதிரணி கொக்கரிக்கும், மேலதிகாரி சீறுவார், நாம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சும்மா இருப்போம். (சிரிப்பு)

ஒரே நாயின் குரல் நமக்கு லொள் லொள், இங்கிலீஷ்காரனுக்கு பவ் வவ், ஜப்பான்காரனுக்கு வான் வான். நாய் மாறவில்லை, ஒவ்வொரு ஊர்க் காதும் தன் மொழியில் கேட்கிறது. அப்படியானால் நம்ம வடசென்னைக் காது எதைக் கேட்டது?

1856இல் ராயபுரத்தில் ரயில் புறப்பட்டது. குயிலின் வினையை எடுத்து ரயிலுக்குக் கொடுத்தோம், ரயிலும் கூவியது. ஆலையில் சைரன் வந்தது, அதற்குச் சங்கு என்று பேர் வைத்தோம். கடலில் வாழும் ஓர் உயிரின் ஓடு ஷிப்டுக்கு ஆள் கூப்பிட்டது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி புலி மாதிரி உறுமுகிறது. சொல் சாகவில்லை, வேலை மாறிப் போயிருக்கிறது. ஆனால் லாரி உறுமுகிற இடத்தில் மற்ற குரல் கேட்பதில்லை.

மீனுக்குக் குரல் உண்டா? உண்டு. நம்ம சந்தையில் விற்கிற கத்தாளையின் இனத்தை இங்கிலீஷில் குரோக்கர் என்பார்கள், கரகரவென்று கத்துவது என்று பொருள். காற்றுப்பையைத் தசையால் அதிரவைத்து ஒலி எழுப்பும். மலேயாவின் கீழைக் கரையில் ஜுரு செலாம் என்ற தொழில்காரர் இருந்தார். தண்ணீரில் இறங்கி மீன் கூட்டத்தின் சத்தத்தைக் கேட்டு, வலை எங்கே இறக்குவது என்று சொல்வார். நம் பாடப்புத்தகப் பட்டியலில் மீனுக்கு ஒரு சொல் இல்லை. புத்தகத்தில் இல்லையென்றால் குப்பத்தில் இருக்கலாம். கேட்டால்தானே தெரியும்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. வலையும் படகும் கறுத்தன, மீனவர் பிழைப்பு நின்றது. சிறகெல்லாம் எண்ணெய் படிந்த கூழைக்கடாக்களின் படம் பத்திரிகையில் வந்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். கூழைக்கடா வளர்ந்த பிறகு, கூடு கட்டும் இடத்தைத் தவிர, பெரும்பாலும் வாய் திறக்காத பறவை. அலறாது, கதறாது, கரையாது. நம் பட்டியலில் அதற்கு வினையே இல்லை. கத்துகிறதுக்குத்தான் நாம் திரும்பிப் பார்ப்போம் என்றால், கத்தத் தெரியாததின் கதி என்ன? காதைத் தீட்டச் சொல்வது இதற்காகத்தான். கேட்டுப் பழகியவனுக்குத்தான், கேட்க வேண்டிய இடத்தில் சத்தம் இல்லை என்பதும் தெரியும்.

ஆகவே தம்பி தங்கைகளே, ஒரு வேலை தருகிறேன். காசிமேடு, திருவொற்றியூர், நெட்டுக்குப்பம் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் உட்காருங்கள். எந்த மீன், எந்தப் பறவை, என்ன சத்தம், அதற்கு என்ன சொல் என்று அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். திருத்தாதீர்கள். அடுத்த மலரில் நாலு பக்கம் ஒதுக்கும்படி தலைவர் அவர்களை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். அச்சுச் செலவுக்கு முன்னாள் மாணவர்கள் நாங்கள் இருக்கிறோம். இதற்கு மார்க் கிடையாது, சொல் கிடைக்கும்.

மணி அடித்துவிட்டார்கள். மணி என்ன செய்யும்? ("ஒலிக்கும்!")