விறகுக்கு முன் எரிவது

விறகடுப்பில் தீ மூட்டும்போது நெருப்புக்கு முதல் வேலை, விறகிலுள்ள ஈரத்தை விரட்டுவது. பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். மாதக்கணக்கில் வெயில் பட்ட விறகிலும் நூற்றுக்கு 15, 20 பங்கு ஈரம் தங்கியிருக்கும். அது 100 டிகிரி செல்சியஸில் ஆவியாகிப் போன பிறகே மரம் மேலும் சூடேறும். 250 டிகிரியைத் தாண்டும்போது மரம் சிதைந்து, எரியக்கூடிய வாயுக்களை வெளியே விடும். கண்ணுக்குத் தெரியும் சுடர் அந்த வாயுக்கள் எரிவதுதான். வாயு வந்தும் சுடர் பற்றாமல் இருக்கும் நேரத்தில் அடுப்படி புகையால் நிறைகிறது. கண் எரிவதும் நெஞ்சு கமறுவதும் பெரும்பாலும் இந்தத் தொடக்க நிமிடங்களில்தான். அந்தப் புகையிலேயே ஆயுளைக் கழித்த தாய்மார்கள் எத்தனையோ பேர். அடுப்பு மூட்டும் பொருளைச் சிறிய விஷயமாக எண்ணலாகாது.

அந்தப் பொருளுக்கு இரண்டு குணம் வேண்டும். ஒரே தீக்குச்சியில் பற்ற வேண்டும். விறகு பற்றும்வரை நின்று எரியவும் வேண்டும். இரண்டும் ஒன்றாக அமைவது அரிது. மெல்லியது சட்டென்று பற்றிச் சட்டென்று அணையும். தடித்தது மெல்லப் பற்றி நெடுநேரம் நிற்கும். அதனால் தீயைப் படிப்படியாக ஏற்ற வேண்டியிருக்கிறது.

தென்னை நிற்கும் வீட்டில் எல்லாப் படிகளையும் அந்த ஒரே மரம் தந்துவிடுகிறது. மட்டையின் அடியில் துணி நெய்தாற்போல் சுற்றியிருக்கும் பன்னாடை முதல் படி. இழைகளுக்கு நடுவே காற்று புகுந்து வருவதால் தீக்குச்சியைக் காட்டியதும் பற்றும். ஆனால் நீடித்து நிற்காது. அதன்மேல் நீளவாக்கில் கிழித்த காய்ந்த பாளை. இது மரத்தன்மை கொண்டது, சில நிமிடம் சீராக எரியும். மூன்றாவதாகக் கொட்டாங்குச்சி. கெட்டியாக இருப்பதால் பற்றத் தாமதமாகும், பற்றிய பிறகு அதன் சூடு கடுமையானது. கொஞ்சம் நார் ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னும் எளிதில் பிடிக்கும். உரிமட்டையை மட்டும் தொடக்கத்தில் வைக்கக் கூடாது. அதன் சோறு நீரை உறிஞ்சி வைத்திருப்பதால் சுடர்விடாமல் புகைந்துகொண்டே கிடக்கும்.

பனை நிறைந்த ஊர்களில் காவோலையும் பனம் பன்னாடையும், கடலோரங்களில் சவுக்கு மிளாறும் இந்த வேலையைச் செய்கின்றன. கரிசல் காட்டில் பருத்திமார், துவரைமார். விரல் பருமனில் நன்றாகக் காய்ந்த துவரைமாருக்கு ஈடான சுள்ளி குறைவு. மேல்விறகு எது என்பதையும் பார்க்க வேண்டும். சீமைக்கருவேலம் போன்ற கனத்த கட்டைக்குக் கூடுதல் சுள்ளி தேவை. பிளந்த மெல்லிய சிராய்களுக்கு ஒரு கைப்பிடி போதும். மழைக்காலத்தில் எதுவும் நமுத்துப்போகும் என்பதால், அடுப்புக்கு மேலே பரணில் சுள்ளியை அடுக்கிவைக்கும் பழைய வழக்கம் மிகவும் அறிவார்ந்தது. கீழிருந்து எழும் வெப்பமே அதை உலர்த்திவிடும்.

வறட்டி வேறு இனம். அது சுடரைவிடக் கனலைத்தான் நன்றாகத் தரும்; சாம்பலும் மிகுதி. பால் காய்ச்சவும் நெருப்பைக் காத்து வைக்கவும் அது நல்லது. கற்பூரம் சாம்பல் இல்லாமல் எரியும், கரிப்புகை விடும். அவசரத்துக்கு ஒரு வில்லை உதவும்.

குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் இரும்பு அடுப்புக்கும் இதே விதிதான். அங்கே பன்னாடையின் இடத்தில் பிர்ச் மரப்பட்டை. அதிலுள்ள எண்ணெய்ப்பசையால் ஈரமாக இருந்தாலும் பற்றும். பிசின் ஊறிய பைன் மரச் சிம்புகளும், மெழுகில் தோய்த்த மரத்தூள் கட்டிகளும் அடுத்த நிலை.

தவிர்க்க வேண்டியவற்றுள் முதலாவது, பாலித்தீன் பையும் பிளாஸ்டிக்கும். பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியும் டையாக்சின் நச்சும் வெளிப்படும். சாயம் பூசிய பலகையும் டயர்த் துண்டும் அதே வகை. அரளிக் குச்சியும் ஆகாது. செடி முழுவதுமே நச்சு. மண்ணெண்ணெய் எல்லாவற்றையும்விடக் கொடியது. கங்கின்மேல் ஊற்றினால் அது உடனே ஆவியாகும். ஆவி பற்றும் கணத்தில் சுடர் ஊற்றும் கைக்கே ஏறிவிடும். அப்படிக் கருகிய உயிர்கள் பல. அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால், தீயில்லாத அடுப்பில், முன்பே நனைத்த ஒரு வறட்டித் துண்டு போதும். பெட்ரோல் அடுப்படிக்குள்ளேயே வரக் கூடாது.

எதையும் பற்றவைக்காமலே மூட்டும் வழியும் உண்டு. 1991-இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கிடைத்த, ஏறத்தாழ 5,300 ஆண்டுப் பழமையான ‘ஓட்ஸி’ மனிதனிடம் பிர்ச் பட்டையாலான கலம் ஒன்று இருந்தது. கங்கை மேப்பிள் இலையில் பொதிந்து அதில் வைத்து அவன் எடுத்துச் சென்றிருக்கிறான். தீப்பெட்டி அரிதாக இருந்த காலத்தில் தமிழ் வீடுகளில் அந்தக் கலத்தின் வேலையைச் செய்தது அடுப்புச் சாம்பல். இரவுச் சமையல் முடிந்ததும் கெட்டியான கங்குகளை ஒன்றுசேர்த்துச் சாம்பலால் மூடுவார்கள். காற்று குறைவதால் கங்கு விடியும்வரை மெல்லக் கனன்றுகொண்டிருக்கும். நீறு பூத்த நெருப்பு என்பது இதுவே. மணமில்லாத கார்பன் மோனாக்சைடு அதிலிருந்து கசியும் என்பதால், கதவு சன்னலை அடைத்துவிட்டு அந்த அறையில் உறங்கக் கூடாது. காலையில் சாம்பலை விலக்கி, மேலே ஒரு பிடி பன்னாடையை வைத்து ஊதுகுழலால் நான்கு முறை ஊதினால் சுடர் எழும்பும்.