இன்ஹேலர் மேல் என்ன பயம்?

வீசிங் என்று டாக்டரிடம் போனால், "மாத்திரையே போதும், இன்ஹேலர் வேண்டாம், பிடித்தால் விடாது" என்கிறவர்கள் நம்மில் ஏராளம். கணக்கைப் பாருங்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமாலில் 4 மில்லிகிராம் மாத்திரையும் உண்டு, அதே மருந்து இன்ஹேலரிலும் உண்டு. இன்ஹேலரை ஒரு தடவை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். நாற்பதில் ஒரு பங்கு! மாத்திரை வயிற்றில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றித்தான் நுரையீரலுக்கு வரும். கை நடுக்கமும் படபடப்பும் அந்தச் சுற்றுப்பயணத்தின் உபயம். இன்ஹேலர் மருந்தோ, வாயில் படிந்தது போக, நேரே மூச்சுக்குழாய்க்கே போகிறது.

இன்னொரு வகை இன்ஹேலரில் இருப்பது ஸ்டீராய்டு. "ஸ்டீராய்டு ஆச்சே, பிள்ளை வளருமா?" நியாயமான கேள்வி. உயரம் ஒரு சென்டிமீட்டர் அளவு குறையலாம் என்று ஆய்வு சொல்வது உண்மைதான். ஆனால் ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உள்சுவர் வீங்கிக் கிடக்கிறது. அதை வற்றவைப்பது ஸ்டீராய்டு. குழாயை விரிக்கும் மருந்தை மட்டும் நம்பினால் வீக்கம் அப்படியே இருக்கும், திடீர்த் திணறலும் வரும். அதனால்தான் 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டு நெறிகள், பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் விரிப்பு மருந்தை மட்டும் தருவதைக் கைவிட்டன. பழக்கமாகிவிடுமாம்! நோய் தொடர்வதால் மருந்து தொடர்கிறது, அவ்வளவுதான். ஸ்டீராய்டு இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு, இன்ஹேலரோடு மாட்டும் ஸ்பேசர் என்ற குழாயை வைத்துக் கொடுங்கள்.